அப்பாவுக்கு கார் வாங்கப் போறீங்களா? புக்கிங் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க



போன மாசம் என் சித்தப்பா பையன் போன் பண்ணான். வயசு 27, சென்னையில் ஐ.டி. வேலை, கைக்கு வரும் சம்பளம் மாசம் 68,000 ரூபாய். "அண்ணா, அப்பாவுக்கு கார் புக் பண்ணிட்டேன். டவுன் பேமென்ட் 2 லட்சத்து 80 ஆயிரம், 7 வருஷ லோன். இ.எம்.ஐ. 17,700 தான் வருது. ஓகே தானே?"

சித்தப்பாவுக்கு 53 வயசு. திருச்சி கே.கே. நகரில் வீடு. விராலிமலை பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஒரு வழிக்கு சுமார் 24 கிலோமீட்டர், தினமும் பைக்கில் மதுரை ஹைவேயில் போய் வருகிறார். மழைக்காலத்தில் லாரிகளுக்கு நடுவே அவர் போவதை நினைத்தால் இவனுக்குத் தூக்கம் வருவதில்லை. அதனால் கார். நல்ல பிள்ளை!

ஆனால் அவன் புக் பண்ணியிருந்தது 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் போட்ட ஒரு எஸ்.யு.வி. ஆன்-ரோடு 13 லட்சத்து 80 ஆயிரம். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "சித்தப்பாகிட்ட கேட்டியா?"

"இல்லண்ணா, சர்ப்ரைஸ்."

எனக்கு பக்குனு ஆச்சு. ஏன்னா இதே சர்ப்ரைஸை நான் 2018-ல் எங்க அப்பாவுக்குக் கொடுத்தேன்.

நான் பண்ணின தப்பு

சி.ஏ. முடித்து நல்ல சம்பளம் வர ஆரம்பித்த நேரம். அப்பா அப்போது மொபெட்டில் 16 கிலோமீட்டர் தாண்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். 'என் அப்பா கௌரவமா போகணும்' என்று பெரிய வண்டியாக வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா ஆரத்தி எடுத்தார், தெருவே வந்து பார்த்தது.

எங்க தெரு பத்தடி அகலம். அந்த வண்டியை ரிவர்ஸ் எடுக்க அப்பாவுக்குப் பயம். சுவரில் உரசிவிட்டால் பையன் காசு போச்சே என்று அதைவிடப் பயம். இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை. "பெட்ரோல் எதுக்குப்பா வீணா" என்று சொல்லிவிட்டு மொபெட்டிலேயே போனார். 2019 ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அன்றைக்குக் கார் கவர் போட்டு வாசலில்தான் நின்றது.

நாலு வருஷத்தில் அந்தக் கார் ஓடியது மொத்தம் 11,000 கிலோமீட்டர். 2022-ல் விற்றுவிட்டேன். ஊரார் கணக்கையெல்லாம் சரிபார்க்கும் ஆடிட்டர், சொந்த வீட்டுக் கணக்கில் கோட்டை விட்ட கதை இது. அதனால் இன்றைய பதிவில் உணர்ச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கை அப்படியே உங்களுக்கும் தருகிறேன்.

முதல் கணக்கு: இ.எம்.ஐ. வலை

எஸ்.யு.வி.க்குப் பதிலாக ஆன்-ரோடு 6 லட்சத்து 70 ஆயிரத்தில் ஒரு சின்ன ஹேட்ச்பேக் என்று வைத்துக்கொள்வோம். அதே 2,80,000 டவுன் பேமென்ட். இரண்டுக்கும் வட்டி 9 சதவீதம்.

* எஸ்.யு.வி.: லோன் 11 லட்சம், 7 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 17,700. மொத்த வட்டி சுமார் 3,86,600.
* சின்ன கார்: லோன் 3,90,000, 4 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 9,700. மொத்த வட்டி சுமார் 75,800.

ஷோரூமில் என்ன சொல்வார்கள்? "சார், மாசம் வெறும் 8,000 தான் வித்தியாசம்." அது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசத்தை 4 வருஷம் கட்டிய பிறகு, இன்னும் 3 வருஷத்துக்கு முழு 17,700 கட்ட வேண்டும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். வட்டி மட்டுமே ஐந்து மடங்கு!

இன்னொன்று. சித்தப்பாவுக்கு 58-ல் ரிட்டயர்மென்ட். 4 வருஷ லோன் அவர் வேலையில் இருக்கும்போதே, 57 வயதில் முடிந்துவிடும். 7 வருஷ லோன், அவர் வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகும் இரண்டு வருஷம் ஓடும். ஆபீஸ் போகத்தான் கார். ஆபீஸ் முடிந்த பிறகும் இ.எம்.ஐ. எதற்கு?

என் அளவுகோல் சிம்பிள். கார் இ.எம்.ஐ. கைக்கு வரும் சம்பளத்தில் 15 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். லோன் 4 வருஷத்தைத் தாண்ட வேண்டாம். தம்பிக்கு எஸ்.யு.வி. 26 சதவீதம், சின்ன கார் 14 சதவீதம்.

இரண்டாவது கணக்கு: விலையோடு சேர்ந்து வரியும் ஏறும்

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது பலருக்குத் தெரியும். 1200 சிசிக்கு மேல் போகாத பெட்ரோல் கார் (டீசல் என்றால் 1500 சிசி), நீளமும் 4 மீட்டருக்குள் இருந்தால் 18 சதவீதம். இந்த எல்லையைத் தாண்டினால் 40 சதவீதம். 1.5 லிட்டர் பெட்ரோல் என்றால், வண்டி 4 மீட்டருக்குள் இருந்தாலும் 40 தான்.

அதோடு முடியவில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வாழ்நாள் சாலை வரியைப் பாருங்க. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

5,60,000 ரூபாய் காருக்கு 13 சதவீதம், அதாவது 72,800. அதே 11,20,000 ரூபாய் காருக்கு 18 சதவீதம், 2,01,600. விலை இரண்டு மடங்கு, சாலை வரி கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள். அது நம் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம்தான். ரிட்டர்ன் போடும்போது மறந்துவிடாதீங்க.

சரி, கார் லோன் வட்டிக்கு வரிச் சலுகை உண்டா? சம்பளக்காரர்களுக்கு சொந்தக் கார் லோனில் ஒரு பைசா கிடையாது. மின்சாரக் காருக்கு இருந்த சலுகைகூட 2023 மார்ச் 31-க்குள் சாங்ஷன் ஆன லோனுக்குத்தான். "டாக்ஸ் சேவ் ஆகும் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துடுங்க.

மூன்றாவது கணக்கு: ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

இதுதான் முக்கியமான கணக்கு. சித்தப்பாவின் ஓட்டம்: தினமும் 48 கிலோமீட்டர், மாசம் 25 நாள், வருஷத்துக்கு 14,400. கோயில், கல்யாணம் எல்லாம் சேர்த்து 15,000. 5 வருஷத்தில் 75,000 கிலோமீட்டர்.

பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜுக்கு விளம்பரத்தில் இருக்கும் எண்ணை எடுக்காதீங்க. அது சோதனைக்கூட எண். ரோட்டில் சின்ன காருக்கு 18, எஸ்.யு.வி.க்கு 13 என்று எடுத்திருக்கிறேன். 5 வருஷம் கழித்து இரண்டும் ஷோரூம் விலையில் பாதிக்கு விற்கும் என்பது என் கணிப்பு. சர்வீஸ், இன்ஷூரன்ஸ் தோராயமானவை.

சின்ன கார், 5 வருஷ செலவு:

* மதிப்பில் இழப்பு: 3,90,000
* வட்டி: 75,800
* பெட்ரோல்: 4,20,800
* சர்வீஸ்: 40,000
* இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு: 48,000
* மொத்தம்: 9,74,600. கிலோமீட்டருக்கு 13 ரூபாய்.

எஸ்.யு.வி., 5 வருஷ செலவு:

* மதிப்பில் இழப்பு: 8,20,000
* வட்டி (5 வருஷத்துக்கு மட்டும்): 3,49,300
* பெட்ரோல்: 5,82,700
* சர்வீஸ்: 65,000
* இன்ஷூரன்ஸ் புதுப்பிப்பு: 80,000
* மொத்தம்: 18,97,000. கிலோமீட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல்.

வித்தியாசம் 9 லட்சத்து 22 ஆயிரம். இதில் ஒரு விஷயத்தைக் கவனிச்சீங்களா? நம்ம ஊரில் கார் என்றாலே "எவ்வளவு கொடுக்கும்?" என்றுதான் முதலில் கேட்போம். ஆனால் இந்த 9.22 லட்சத்தில் பெட்ரோலால் வந்த வித்தியாசம் 1.62 லட்சம்தான். மதிப்பு இழப்பும் வட்டியும் சேர்ந்து 7 லட்சம். மைலேஜ் முக்கியம்தான். ஆனால் சிக்கனம் என்பது பெட்ரோல் பங்கில் தொடங்குவதில்லை, எந்த விலையில் வண்டி எடுக்கிறோம் என்பதில் தொடங்குகிறது.

5 வருஷம் முடியும்போது எஸ்.யு.வி. லோனில் இன்னும் 3,87,000 பாக்கி இருக்கும். வண்டியை 5,60,000-க்கு விற்றாலும், வங்கிக்குப் போக கையில் நிற்பது 1,73,000. சின்ன கார் லோன் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். 2,80,000 முழுசா கைக்கு வரும்.

சி.என்.ஜி. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஓட்டம் இருந்தால். சி.என்.ஜி. வேரியன்ட்டுக்குக் கூடுதலாக 90,000 என்றும், கிலோ 92 ரூபாய், ஒரு கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்றும் வைத்தால், 15,000 கிலோமீட்டருக்கு வருஷம் சுமார் 31,000 மிச்சம். போட்ட பணம் மூன்று வருஷத்தில் திரும்பிவிடும். உங்க அப்பா வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர்தான் ஓட்டுவார் என்றால், அதே பணம் திரும்ப எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

மூன்று விஷயம் பார்த்துக்கோங்க. பங்க் போகிற வழியிலேயே இருக்கா? வரிசையில் நிற்கும் பொறுமை அப்பாவுக்கு இருக்கா? டிக்கியில் சிலிண்டர் போக மிச்ச இடம் போதுமா? சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ணியாகணும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

"பெரிய வண்டிதானே பாதுகாப்பு?"

தம்பி கேட்ட நியாயமான கேள்வி இது. ஹைவேயில் போகிற அப்பாவுக்காக எடுக்கும் வண்டியில் பணத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஆனால் சைஸும் பாதுகாப்பும் ஒன்றல்ல. சின்ன கார்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் உண்டு. உதாரணத்துக்கு, டாடா டியாகோ 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 4 ஸ்டார் வாங்கியது. மாருதி வேகன்-ஆர் 2023-ல் அதே அமைப்பின் சோதனையில் 1 ஸ்டார். வேகன்-ஆரில் 2025-ல் ஆறு ஏர்பேக் ஸ்டாண்டர்டாக வந்தது நல்ல மாற்றம். ஆனால் வண்டியின் உடல் பலம் வேறு, ஏர்பேக் வேறு. நம்ம நாட்டிலேயே 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் நடக்கிறது. நீங்க பார்க்கும் மாடலுக்கு ரேட்டிங் இருக்கா என்று முதலில் பாருங்க.

ஊருக்குள் ஐந்து கிலோமீட்டர் போகிற அம்மாவுக்கு என் வரிசை வேறு மாதிரி இருக்கும். தினமும் ஹைவே என்றால் ஸ்டார் முதலில், மைலேஜ் அதற்குப் பிறகு.

நம்பகமான வண்டி என்றால் என்ன?

காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பணும், அவ்வளவுதான். அதற்கு மூன்று வழியில் விசாரிங்க.

1. மார்க்கெட்டில் சில வருஷம் ஓடித் தேறிய இன்ஜினா? புதுசாக அறிமுகமான மாடலை முதல் வருஷமே எடுத்து நாம் சோதனை எலி ஆக வேண்டாம்.
2. அப்பா போகும் வழியில் சர்வீஸ் சென்டர் இருக்கா? சித்தப்பா ஊரில் இருக்கிறார், நீங்க சென்னையில். ரிப்பேர் என்றால் அலையப்போவது அவர்தான்.
3. ஊர் மெக்கானிக்கிடமும் கார் ஸ்டாண்ட் டிரைவரிடமும் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்க. லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு எந்த வண்டி செலவு வைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

பழைய கார் என்றால் கூடுதல் கவனம். ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கு 2022-லிருந்து. அதற்கு முந்தைய வண்டியில் இருக்கா என்று நேரில் பாருங்க. பழைய லோன் முடிந்ததற்கு வங்கியின் என்.ஓ.சி., ஃபார்ம் 35, பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30 எல்லாம் வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீங்க. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் பெயர் மாற்றணும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அது வண்டியோடு போவதில்லை, ஆளோடு போகும்.

ஆர்.சி. யார் பெயரில்? இதை யாரும் சொல்ல மாட்டாங்க

தம்பி லோனையும் ஆர்.சி.யையும் தன் பெயரில் போட்டிருந்தான். ஓட்டப்போவது சித்தப்பா. அவரிடம் லைசென்ஸ் இருக்கு, அதனால் வண்டி இன்ஷூரன்ஸுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கார் பாலிசியோடு வரும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு 'உரிமையாளர்-ஓட்டுநருக்கு' மட்டும். அதாவது ஆர்.சி.யில் பெயர் இருப்பவருக்கு மட்டும். தினமும் ஹைவேயில் ஓட்டும் அப்பாவுக்கு அந்தக் கவர் கிடையாது. சென்னையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இருக்கு!

தீர்வு இரண்டு. அப்பா வேலையில் இருப்பதால் லோனை அவர் பெயரில் எடுத்து, நீங்க கோ-அப்ளிகன்ட் ஆகுங்க. ஆர்.சி. அவர் பெயருக்கு வந்துவிடும். அது முடியாவிட்டால் அவர் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துடுங்க.

அப்படியே ஷோரூம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ் கொட்டேஷனை வெளியிலும் ஒப்பிட்டுப் பாருங்க. அவர்களிடம்தான் எடுக்கணும் என்று சட்டம் எதுவும் இல்லை. புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 3 வருஷத்துக்குச் சேர்த்து எடுப்பது கட்டாயம். 1000 சிசி வரை 6,521 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இது எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். பேரம் பேச வேண்டியது மீதிப் பகுதியில். முதல் சில வருஷத்துக்கு ஜீரோ டெப்ரிசியேஷன் சேர்த்துக்கோங்க. சுவரில் உரசினாலும் அப்பா நிம்மதியா இருப்பார். 2018-ல் எனக்கு இது தோணியிருந்தால்கூட எங்க அப்பா கொஞ்சம் தைரியமா ஓட்டியிருப்பாரோ என்னவோ.

கடைசியில் என்ன ஆச்சு?

தம்பி அந்த வாரக் கடைசியில் திருச்சிக்குப் போய் சித்தப்பாவிடம் விஷயத்தை உடைத்தான். அவர் முதலில் சொன்னது, "எனக்கு எதுக்குடா கார்? தங்கச்சி கல்யாணத்தைப் பாரு." இரண்டாவது நாள், காபி குடிக்கும்போது மெதுவாக, "வாங்குறதா இருந்தா சின்னதா வாங்கு. கம்பெனில பார்க்கிங் சந்து மாதிரி இருக்கும். இடது முட்டி வலிக்குது, கிளட்ச் மிதிக்க முடியுமான்னு தெரியல."

முட்டி வலி! வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பாக்கள் அப்படித்தான். கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் இரண்டாவது நாள்தான் சொல்வார்கள்.

எஸ்.யு.வி. புக்கிங் கேன்சல். இரண்டு மூன்று சின்ன கார்களை, அவர் தினமும் போகிற அதே ரோட்டில், வேலை விட்டு வரும் சாயங்கால நேரத்தில் டெஸ்ட் டிரைவ் எடுத்தார்கள். சித்தப்பா தேர்ந்தெடுத்தது டியாகோ ஏ.எம்.டி. ஸ்டார் ரேட்டிங் பையனுக்கு, கிளட்ச் இல்லாதது அப்பாவுக்கு. ஏ.எம்.டி.க்காக 50,000 கூடுதல் லோன், இ.எம்.ஐ. 10,950 ஆனது. சம்பளத்தில் 16 சதவீதம். என் அளவுகோலைக் கொஞ்சம் தாண்டுகிறதுதான். முட்டிக்காகத் தாண்டலாம், சன்ரூஃபுக்காகத் தாண்டக் கூடாது. எஸ்.யு.வி. இ.எம்.ஐ.யோடு பார்த்தால் மிச்சம் 6,750. அது தங்கச்சி கல்யாணத்துக்காக ஆர்.டி.யில் போகிறது. ஆர்.சி. சித்தப்பா பெயரில்.

உங்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இதே கார்தான் சரி என்று நான் சொல்லவில்லை. விலையும் வட்டியும் ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். தினமும் எவ்வளவு தூரம், எந்த ரோடு, எத்தனை வருஷம், யார் பெயரில் என்று இந்த நாலையும் ஒரு பேப்பரில் எழுதி உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. அதுக்கும் முன்னாடி அவரிடம் கேளுங்க. முதல் பதிலோடு நிறுத்திடாதீங்க, இரண்டாவது நாளும் கேளுங்க.